பேச்சில் புலி, நோட்டில் எலி: சமச்சீரற்ற திறன்கள் கொண்ட மீத்திறன் பிள்ளைகள்

"மனசு வச்சா செய்வான், வைக்கத்தான் மாட்டேங்கிறான்." எட்டு வயதில் கருந்துளையைப் பற்றி அரை மணி நேரம் பேசும் பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் மூன்று வரியோடு நிறுத்தும்போது பெற்றோரும் ஆசிரியரும் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். பெரும்பாலும் அது தவறு. மீத்திறன் பிள்ளைகளில், அதாவது வயதை மிஞ்சிய அறிவுத்திறன் உள்ளவர்களில், ஒரு பகுதியினருக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதில் தடை), டிஸ்கிராபியா (எழுதுவதில் தடை), ஏடிஎச்டி (கவனம் சிதறுதல், துறுதுறுப்பு), ஆட்டிசம் இவற்றில் ஒன்றோ இரண்டோ கூடவே இருக்கும். அங்கே குறைவது மனசு அல்ல.

இவர்கள் நம் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் உண்டு. வாசிக்கத் தடுமாறும் கெட்டிக்காரப் பிள்ளை, படத்தையும் முன்பின் வாக்கியங்களையும் வைத்து ஊகித்தே சமாளித்துவிடும். பாடம் நீளும் மேல் வகுப்பில்தான் குட்டு வெளிப்படும். எழுத்துப்பிழைக்காகத் தனிப் பயிற்சிக்கு அனுப்பப்படும் பிள்ளையின் கணக்குத் திறனையோ யாரும் சோதிப்பதில்லை. திறமையும் சிரமமும் ஒன்றையொன்று மூடிக்கொண்டால் இன்னும் சிக்கல். மதிப்பெண் அட்டையில் வகுப்புச் சராசரி வரும், யாருக்கும் கவலையும் வராது.

உளவியல் மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது மொத்த ஐக்யூ எண்ணை. அதோடு நிற்காமல் குறியீடுகள் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். 6 முதல் 16 வயது வரைக்குமான விஸ்க்-5 என்ற நுண்ணறிவுச் சோதனையில் ஐந்து முதன்மைக் குறியீடுகள் உண்டு: மொழிவழிப் புரிதல், காட்சி-இடம்சார் திறன், புதிய சிக்கல்களைத் தர்க்கத்தால் அவிழ்ப்பது, வொர்க்கிங் மெமரி (தகவலைச் சற்று நேரம் மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது), செயலாக்க வேகம். ஒவ்வொன்றிலும் சராசரி 100, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15. மொழிவழிப் புரிதல் 136, வேகம் 85 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் அந்தப் பிள்ளை, தன் வயதுடையவர்களில் நூற்றுக்குச் சுமார் 99 பேரைவிட மேலே. இரண்டாவதில் சுமார் 84 பேருக்குக் கீழே. இரண்டையும் கலந்து வரும் ஒற்றை எண், இரண்டு பக்கத்தையும் மறைத்துவிடும். இடைவெளி இவ்வளவு பெரிதாக இருந்தால், மெமரியையும் வேகத்தையும் விலக்கிக் கணக்கிடும் ஜி.ஏ.ஐ. என்ற பொதுத்திறன் குறியீட்டையும் அறிக்கையில் தரும்படி கேளுங்கள். இன்னொன்று: வழக்கமான தாள் வடிவத்தில் வேகத்தை அளக்கும் பகுதிகள் பென்சிலால் செய்பவை. அங்கே எண் குறைந்தால் யோசனை மெதுவானது என்று பொருளாகாது. கை மெதுவாக இருக்கலாம். ஒவ்வொரு கோட்டையும் அழகாகப் போட நினைக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பிறகு வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பிடித்த தலைப்பில் ஐந்து நிமிடம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதே போன்ற தலைப்பில் ஐந்து நிமிடம் எழுதட்டும். மூன்றாம் நாள், ஒரு பத்தியைப் பார்த்து ஐந்து நிமிடம் நகலெடுக்கட்டும். பேச்சு வளமாக இருந்து, பார்த்து எழுதுவதே மெதுவாகி விரலும் வலித்தால், கைவேலை, எழுத்து போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பாருங்கள். நகல் சரியாக வந்து, சொந்தமாக எழுதும்போது மட்டும் உடைந்தால், எழுத்துக்கூட்டலிலோ எண்ணங்களை வரிசைப்படுத்துவதிலோ தடை இருக்கலாம். கற்றல் குறைபாடுகளை மதிப்பிடத் தெரிந்த சிறப்புக் கல்வியாளரிடம் போகலாம். இது நோயறிதல் அல்ல, யாரிடம் போவது என்று சொல்லும் வழிகாட்டி மட்டுமே.

பள்ளியிடம் கேட்க வேண்டியது சலுகை அல்ல, அளவுகோலில் ஒரு திருத்தம். அறிவியல் தேர்வு அறிவியலை அளக்கட்டும். வாய்மொழியாகவோ தட்டச்சிலோ பதில் வரட்டும். இருபது கணக்குகள் கொடுத்தால், கடினமான ஐந்தை முதலில் செய்யச் சொல்லுங்கள்; நான்கு சரியென்றால் மீதி வேண்டாம். வொர்க்கிங் மெமரி குறைந்த பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளை போதும், அதுவும் பலகையில் எழுதி. வாய்ப்பாடு மனப்பாடம் ஆகாத பிள்ளை இயற்கணிதம் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை; வாய்ப்பாட்டு அட்டையை மேசையில் ஒட்டிவிடுங்கள். கூடுதல் நேரம்தான் எல்லோரும் முதலில் தரும் உதவி, ஆனால் கை வலிக்கும் பிள்ளைக்கு அது வலியின் நேரத்தை நீட்டுவதுதான். தட்டச்சும் தேர்வு நாளில் மடிக்கணினியை நீட்டினால் வந்துவிடாது. தினம் பத்துப் பதினைந்து நிமிடம் எனப் பல மாதம் பழகினால்தான் கையெழுத்தை முந்தும்.

அடிக்கடி நடக்கும் தவறு, "கையெழுத்து திருந்தட்டும், அப்புறம் ரோபோட்டிக்ஸ்" என்று திறமையைப் பரிசாக்குவது. சிறப்புப் பயிற்சிக்காக அறிவியல் வகுப்பை வெட்டுவதும் அதே ரகம். நாள் முழுக்க வராததையே செய்துகொண்டிருக்கும் பிள்ளை, பயிற்சியையும் சேர்த்து வெறுக்கும். பலம் உள்ள பாடத்தின் நேரத்தை எதற்காகவும் தொடாதீர்கள், தண்டனைக்காகக்கூட.

வீட்டில் பெரியவர்கள் ஏமாறுவது வேறு இடத்தில். பதின்மூன்று வயதுப் பேச்சைக் கேட்டுப் பழகியதால், விளையாட்டில் தோற்று ஆறு வயதுபோல் புரண்டு அழும்போது "இவ்வளவு தெரிஞ்ச பிள்ளை இப்படிப் பண்ணலாமா" என்கிறார்கள். அறிவும் உணர்ச்சியும் ஒரே வேகத்தில் வளராததை அமெரிக்க உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே எழுதிவிட்டார். அழுகையின் நடுவே தர்க்கம் பேசாதீர்கள். அந்தப் பிள்ளை உங்களைவிட நன்றாக வாதாடும், விஷயம் திசைமாறிவிடும். "தோத்தது கஷ்டமா இருக்கு, இல்ல?" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அடங்கி, ஏதாவது சாப்பிட்டு, அரை மணியாவது போன பிறகு, அடுத்த முறை தோற்பதுபோல் தெரிந்தால் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். வரும் யோசனைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அடுத்த ஆட்டத்துக்கு முன்பே நினைவுபடுத்துங்கள்.