லோங்காங் பக்கமே போகும் தட்டு

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் ஒரு டிஸ்க் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. மைதானம் என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். மொத்தம் 6 கூடைகள். அதில் ஒன்று சாய்ந்து நிற்கிறது, இன்னொன்றில் பாதிச் சங்கிலிகளைக் காணோம். நின்று எறியும் இடத்தில் சிமெண்ட் தளம் கிடையாது, சேறுதான். லாலாங் புல் முழங்காலைத் தொடும். இடப்பக்கம் நெடுகிலும் லோங்காங், அதாவது சிமெண்ட் சாக்கடை. யார் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும்.

ஆட்டம் கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் கையால் சுழற்றி எறியும் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எறிதல்கள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

"நேராத்தான் எறியறேன் மாமா. ஏன் கடைசியில லோங்காங் பக்கமே போகுது?" என்று அக்கா மகன் கேட்டான். மூன்றாவது முறையாக அப்போதுதான் தட்டைக் குச்சியால் கிளறி எடுத்திருந்தான்.

பழியை அவன் கைமேல் போட முடியாது. பறக்கும் தட்டைக் காற்று தூக்கிப் பிடிக்கிறது, ஆனால் சரியாக நடுவில் பிடிப்பதில்லை. தட்டு வேகமாகப் போகும்போது தூக்கும் விசை நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழும். வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கியதும் அது முன்னால் நகர்ந்துவிடும். சுழலாத தட்டாக இருந்தால் அந்த இடத்திலேயே முன்விளிம்பு மேலே எழும்பி, மல்லாந்து விழுந்துவிடும்.

சுழலும் தட்டின் கதை வேறு. பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். சாய்ந்த பம்பரம் சாய்ந்த பக்கமே விழுந்துவிடாமல் தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுகிறது. சுழலும் பொருளின் ஒரு விளிம்பைத் தூக்கினால், அதன் விளைவு சுழலும் திசையில் 90 பாகை தள்ளித்தான் தெரியும். வலக்கைக்காரர் கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி வீசினால், மேலிருந்து பார்க்கத் தட்டு கடிகார முள்ளைப் போலச் சுற்றும். முன்விளிம்பைக் காற்று தூக்கும்போது எழும்புவது வலவிளிம்பு. அப்புறம் என்ன, தட்டு இடப்பக்கம் சாய்ந்து அப்படியே வழுக்கிப் போகிறது. இதற்கு ஃபேட் என்று பெயர். வேகமாக இருக்கும் தொடக்கத்தில் லேசாக வலப்பக்கம் திரும்புவது டர்ன். இடக்கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். அவர்களுக்கு எங்கள் லோங்காங்கால் தொல்லையே இல்லை.

சேறு இதை இன்னும் மோசமாக்குகிறது. எறியும் பலம் கையில் பிறப்பதில்லை, தரையை மிதிக்கும் காலிலிருந்து இடுப்பு வழியாக வருகிறது. கால் வழுக்கினால் வேகம் போச்சு. விரல் ஈரமானால் சுழற்சி போச்சு. சுழற்சி குறைந்த தட்டு தள்ளாடும், சீக்கிரமே சாயும்.

ஈரக்காற்று கனமாக இருப்பதால்தான் தட்டு தூரம் போவதில்லை என்று மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். உண்மை நேர்மாறானது. நீராவி மூலக்கூறு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட எடை குறைந்தது. அதனால் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடச் சற்று லேசு. வியர்த்து ஊற்றும் நமக்குத்தான் கனம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம். கவனிப்பில்லாத மைதானம் தட்டையே மாற்றிவிடுகிறது. லோங்காங்கின் சிமெண்ட் விளிம்பிலும் வேர்களிலும் மோதி மோதி, தட்டின் ஓரம் தேய்ந்து தழும்பாகிவிடும். ஓரத்தின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் காற்று தூக்கும் இடம் மாறும். தேய்ந்த தட்டில் டர்ன் கூடி ஃபேட் குறையும். புதுத் தட்டு லோங்காங்கில் விழும் அதே எறிதலில் என் பழைய மஞ்சள் தட்டு நேராகப் போய் நிற்கிறது. அதை விலைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

இனி கூடை. 1970களில் கலிஃபோர்னியாவில் ஆரம்பத்தில் மரங்களும் கம்பங்களும்தான் இலக்கு. தட்டு பட்டதா இல்லையா என்று சண்டை வராமல் இருக்க, சங்கிலிக் கூடையை வடிவமைத்து 1977இல் காப்புரிமை பெற்றவர் எட் ஹெட்ரிக். 2002இல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள்.

சங்கிலியின் வேலை தட்டைத் தடுப்பது மட்டுமல்ல, அதன் ஆற்றலை வாங்கிக்கொள்வதும்தான். 170 கிராம் தட்டு விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால், அதனிடம் 8.5 ஜூல் ஆற்றல் இருக்கும். இரும்புக் கம்பத்தில் நேராக மோதினால் அதில் நல்ல பங்கோடு திரும்பித் தெறிக்கும். சங்கிலியில் பட்டால் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசி, ஆடி, கலகலவென்று சத்தமிட்டு அந்த ஆற்றலைச் செலவழித்துவிடும். தட்டு சோர்ந்து கூடைக்குள் விழும். ஆனால் நம்மூர் மழையில் துத்தநாகப் பூச்சு போய்விட்டால் துரு கண்ணிகளை ஒட்டவைத்துவிடும். ஆடாத சங்கிலி கம்பிக்குச் சமம். எங்கள் இரண்டாவது கூடையில் பட்ட தட்டு டங் என்று திரும்பி வரும். சைக்கிள் செயினுக்கு விடும் எண்ணெயை ஊற்றிக் கையால் அசைத்து அசைத்துக் கொடுத்தோம். அன்று மாலையே கலகல சத்தம் திரும்பியது.

மூன்றாவது கூடைக்கு எண்ணெய் உதவாது. எறியும் இடத்திலிருந்து பார்த்தால் அதன் வலப்பக்கச் சங்கிலிகள் ஐந்தும் இல்லை. வலக்கைக்காரருக்கு அதுதான் நல்ல பக்கம். கம்பத்துக்கு வலப்புறம் நுழையும் தட்டின் முன்விளிம்பு சங்கிலியில் உரசும்போது, சுழற்சி தட்டைக் கம்பத்தை நோக்கி இழுக்கும். இடப்புறம் நுழைந்தால் அதே சுழற்சி வெளியே துப்பிவிடும்.

ஆகவே கூடையின் இடப்பக்கமாகப் போய் நின்று எறிய வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஓட்டை கம்பத்துக்குப் பின்னால் போய்விடும், வலப்புறம் சங்கிலி இருக்கும். ஆனால் தட்டு விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த எறிதல் என்பது விதி. முதல் எறிதலே இடப்பக்கம் போய் விழுந்தாக வேண்டும்.

அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். பையிலிருந்து புதுத் தட்டை எடுத்தான். வழக்கம்போல அது கடைசியில் சாய்ந்து லோங்காங்கை நோக்கி வளைந்தது. லாலாங் புல் தடுத்து, கரைக்கு இரண்டடி இருக்கும்போது நின்றது.