கோரையைப் பிடுங்கும் முன் நோட்டைத் திறவுங்கள்

பாம்பன் தீவுக்குத் தாவரவியல் மாணவர்களைக் கோரை சேகரிக்கக் கூட்டிப் போனால், முதல் அரை மணி நேரம் எதையும் பிடுங்க விடமாட்டேன். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்க்கச் சொல்வேன். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் பெரும்பாலும் கோரை. ஆனால் விரலை மட்டும் நம்ப முடியாது. எலியோகாரிஸ் என்ற கோரை வகைகளில் உருண்டைத் தண்டும் உண்டு. தனுஷ்கோடி மணலில் குத்திட்டு நிற்கும் இராவணன் மீசையைக் கோரை என்று எழுதிவிடுகிறார்கள். அது புல்; கோரை பார்க்கப் புல்போல் இருந்தாலும் வேறு குடும்பம்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, அங்கே ஒரு பள்ளத்தோரம் நின்ற கோரையை அரிவாளால் அறுத்து வந்தேன். கதிர் இருந்தது, காய் முற்றவில்லை. கிழங்கு மண்ணிலேயே தங்கிவிட்டது. நுண்ணோக்கியில் வைத்தால் இனம் பிடிபடவில்லை. கோரையில் முற்றிய விதையின் வடிவமும் அதன் மேல்தோல் வரியும்தான் பல நேரம் பதில் சொல்லும். சரி, அடுத்த மழைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று போனால், பள்ளத்தை மண் கொட்டி மூடியிருந்தார்கள். அந்தச் செடியை உலர்த்தி ஒட்டிய தாள் இன்றும் இனப்பெயர் இல்லாமல்தான் இருக்கிறது.

அதனால் தை, மாசியில் போங்கள். பள்ளம் வற்றும், விதை முற்றியிருக்கும். கிழங்கோடு ஒரு குத்து போதும். சைபரஸ் அரினேரியஸ் என்ற கோரை மணலுக்கடியில் கயிறுபோல் ஓடி, கோடு போட்டாற்போல் வரிசையாகத் தலைகாட்டும். அழகாக இருக்கிறதே என்று இழுத்துக்கொண்டே போகாதீர்கள். மேட்டு மணலைப் பிடித்துவைத்திருப்பது அந்தக் கயிறுதான். 1964 டிசம்பர் புயல் புரட்டிப்போட்ட கரை அது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால்வைக்கவே கூடாது.

செடி காய்ந்தால் நிறம் போய்விடும். எந்த ஈரத்தில் நின்றது என்பதும் தாளில் தெரியாது. நின்ற இடத்திலேயே எழுதுங்கள்: தேதி, சேகரிப்பு எண், ஜிபிஎஸ் புள்ளி, உவர்மண்ணா நன்னீரா, செடியின் உயரம், கதிரின் நிறம், பக்கத்தில் என்ன செடி. அப்புறம் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துங்கள். முதல் நாட்களில் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் கடலோர ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதே செடியின் இரண்டாவது மாதிரி ஒன்றைக் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் (BSI) உலர்செடித் தொகுப்புக்கு அனுப்பலாம்.

செடிக்கு ஊரார் சொல்லும் பெயரைக் கேட்டால் காதில் விழுந்தபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். சைபரஸ் பல்போசஸ் என்று நாம் எழுதும் சின்னக் கிழங்குக் கோரைக்குச் சிலந்தியரிசி என்று பெயர். அதைத் தோண்டித் தின்றிருக்கிறார்கள் என்பது அந்த ‘அரிசி’யில்தான் இருக்கிறது.