கால் வலி திடீரென்று நின்றுவிட்டதா? உடனே கிளம்புங்கள்

வேளச்சேரியிலும் வியாசர்பாடியிலும் மழைத்தண்ணீர் முட்டிவரை நின்றால் போதும், பின்னாலேயே எங்கள் மருத்துவமனைக்கு இந்தக் கால்கள் வரத் தொடங்கிவிடும். சர்க்கரை நோய், வெடித்த குதிகால், மூன்று நாள் வீக்கம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. கூடவே, "நேத்து உயிர் போற வலி டாக்டர், இன்னிக்கு வலியே இல்ல" என்ற நிம்மதி வேறு. கேட்டதும் எங்களுக்குப் பகீரென்கிறது.

சிவந்திருந்த தோல் ஊதாவாகிக் கொப்புளம் கட்டி, தொட்டால் மரத்திருக்கிறதா? வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே செத்திருக்கிறது. தோலுக்கடியில் கிருமி புகுந்து சதையை அழுகவைக்கும் தொற்று இது. தயவுசெய்து இதை ஆறுகிறது என்று நினைக்காதீர்கள். "சீழ் இல்லையே" என்பதும் ஆறுதல் இல்லை. சதை அழுகும்போது கெட்டிச் சீழ் வராமல், பாத்திரம் கழுவிய தண்ணீர்போலக் கலங்கலாகத்தான் பல நேரம் கசியும்.

சதையை இப்படி அழுகவைக்கும் கிருமிகளில் ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அது விடும் ஸ்ட்ரெப்டோலைசின்-ஓ என்ற நச்சு, செல்சவ்வின் கொலஸ்ட்ராலைப் பிடித்து வளையமாகக் கூடி, சுமார் 25-30 நானோமீட்டர் அகலத்துக்கு ஓட்டை போடும். செல் சும்மா இருக்காது. உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு கால்சியம் வெளியே இருக்கிறது. அது உள்ளே பாய்ந்ததுமே அனெக்சின் புரதங்கள் ஓடிவந்து அடைக்கும். ஓட்டை விழுந்த துண்டைச் செல் குமிழாகக் கிள்ளி எறியும். நச்சு கொஞ்சம்தான் என்றால் சில நிமிடங்களில் சவ்வு சரியாகிவிடும். அளவு மீறினால் அதே கால்சியம் செல்லைக் கொன்றுவிடும். நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நச்சின் அளவு ஏறுகிறது.

கிருமி செத்தாலும் ஏற்கெனவே வெளியேறிய நச்சு அங்கேதான் இருக்கும். அதனால்தான் பென்சிலின் வகை ஊசியோடு, நச்சுத் தயாரிப்பையே நிறுத்தும் கிளிண்டமைசினையும் சேர்க்கிறோம். செத்த சதைக்கு ரத்தம் போகாது, மருந்தும் போகாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

தண்ணீரில் நடந்து வந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வீக்கம் ஆரம்பித்ததுமே மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிடுங்கள். மஞ்சள் பற்று, வெந்நீர் ஒத்தடம், உருவிவிடுவது எதுவும் வேண்டாம். சிவப்பின் ஓரத்தை பால்பாயின்ட் பேனாவால் வரைந்து, பக்கத்தில் மணியையும் எழுதி வைத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலும், பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்து வலி மட்டும் தாங்கவே முடியாவிட்டாலும், இரவு 2 மணியானாலும் சரி, விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.