இரசக்கலவை: அங்கே எதுவும் உருகவில்லை

அலுமினியத் தகட்டில் ஒரு சொட்டு பாதரசம். சற்று நேரத்தில் அந்த இடத்திலிருந்து வெள்ளை இழைகள் பஞ்சுபோல முளைத்து நிமிர்கின்றன. காணொளியில் தமிழ்க் குரல் சொல்கிறது: “பாதரசம் அலுமினியத்தை உருக்கிவிட்டது.” காலியம் என்ற உலோகத்தை அலுமினியத்தில் வைத்துச் செய்யும் சோதனைக்கும் அதே “உருக்கிவிட்டது”தான். எத்தனை காணொளிகளில்தான் இதைக் கேட்பது?

அந்தத் தகட்டில் உண்டாவதை ஆங்கிலத்தில் அமால்கம் என்பார்கள்: பாதரசத்தோடு வேறோர் உலோகம் சேர்ந்த கலவை. இடைக்கால லத்தீன் வழியாக வந்த சொல். மென்மையாக்கும் பூச்சுமருந்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் வேர் என்பார்கள். தமிழில் இரசக்கலவை. பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

இதற்குப் போட்டியாக ‘இதள்கலவை’ என்று எழுதுவோர் உண்டு. இதள் பாதரசத்துக்கான தமிழ்ப் பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் ரசம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சொல். “கண்ணாடியில ரசம் போயிடுச்சு” என்கிறோமே, அது வெறும் பேச்சுவழக்கு இல்லை. பழைய கண்ணாடிகளின் பின்புறம் இருந்தது வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த இரசக்கலவையேதான். 1835-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்ணாடியில் வெள்ளி படியவைக்கும் முறையைக் கண்டறிந்தபின் பாதரசம் மெல்ல மெல்ல விலகியது. சொல் மட்டும் தங்கிவிட்டது. இவ்வளவு பழகிய சொல்லை ஒதுக்கிவிட்டு, அகராதியைப் புரட்டினால்தான் புரியும் ஒன்றை மாணவர் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ‘பாதரசச் சேர்மம்’ என்பது அதைவிட மோசம். சேர்மம் என்றால் தனிமங்கள் குறித்த விகிதத்தில் சேரவேண்டும். இரசக்கலவையில் பாதரசத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதற்கேற்ப அது குழம்பாகவோ கட்டியாகவோ இருக்கும்.

சரி, உருக்குதலுக்கு வருவோம். உருகுவதற்குச் சூடு வேண்டும். அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் தேவை. சோதனை நடப்பதோ அறை வெப்பநிலையில். அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது, அதுதான் அதன் கவசம். அதைச் சுரண்டிவிட்டுப் பாதரசத்தை வைத்தால் அலுமினியம் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்தது மேலே வந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து வெள்ளை இழையாகிறது. பாதரசம் தீர்வதில்லை; அடுத்த அடுக்கைக் கரைக்கிறது. விமானத்தில் பாதரசம் கொண்டுபோகக் கடும் கட்டுப்பாடு இருப்பது இதனால்தான். இரும்பு இப்படிக் கரைவதில்லை. அதனால்தான் பாதரசத்தை இரும்புக் குடுவையில் அடைத்து விற்றார்கள், குடுவைக்கு ஏறத்தாழ 34.5 கிலோ.

காலியத்தின் கதை வேறு. 29.76 டிகிரியில் உருகி, உள்ளங்கையிலேயே நீர்மமாகிவிடும் உலோகம் அது. அலுமினியத்தின் உள்ளே நுண்ணிய படிக மணிகள் நெருங்கி அமைந்திருக்கின்றன. காலியம் அந்த மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளில் ஊடுருவி அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. காலியம் தடவிச் சில மணி நேரம் விட்டுவைத்த அலுமினியப் பானக் குப்பியை விரலால் அழுத்தினாலே கிழிகிறது. இதை இரசக்கலவை என்றும் சொல்லக்கூடாது, அங்கே ரசமே இல்லை. ‘நீர்ம உலோக நொறுங்குமையாக்கம்’ என்று எழுதுகிறவர்கள் பொருளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள், ஆனால் வாயில் நுழையவில்லை. மேலே முழுசாகத் தெரிந்து உள்ளே வலுவிழந்த மரத்தை ‘உளுத்துப்போச்சு’ என்போம். அதையே இங்கேயும் சொல்லலாம்: உலோக உளுப்பு.

மொழிபெயர்ப்பாளர்கள் பலர் படத்தில் கண்ணுக்குப் பட்டதற்குப் பெயர் வைக்கிறார்கள், உள்ளே நடப்பது என்னவென்று கேட்பதில்லை. பளபளவென்று ஓடினால் ‘உருகியது’, ஓட்டை விழுந்தால் ‘அமிலம்போல் அரித்தது’. அப்புறம் தேர்வுத்தாளில் மாணவன் காலியத்தை அமிலம் என்று எழுதிவைக்கிறான். பாதரசத்தில் அலுமினியம் கரைகிறது, காலியத்தால் அலுமினியம் உளுக்கிறது. இந்த இரண்டு வினைச்சொற்கள் போதும். குரல் கொடுப்பவருக்கு ஒரு நொடிகூடக் கூடுதலாகாது.