ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றமும் 38,000 ரிங்கிட்டும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலிம் நீதிமன்ற வளாகத்தில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். கோலாலம்பூரிலிருந்து வரும் வழக்கறிஞர் நண்பர்களுக்கு இது இன்னமும் வேடிக்கைதான். அப்படி ஒரு ஞாயிறன்று, வாசலோரத்து ஒட்டுக்கடையில் நான் பசியாறிக் கொண்டிருந்தபோது, ஒயரிங் வேலை செய்யும் ஓர் அண்ணன் பிளாஸ்டிக் பையொன்றை மேசை மீது வைத்தார். உள்ளே ஒயர் வாங்கிய ரசீதுகள், எண்ணெய்க் கறை படிந்த டெலிவரி ஆர்டர்கள், வாட்ஸ்அப் உரையாடல்களை அச்செடுத்த தாள்கள்.

"எல்லாம் இருக்கு லோயரம்மா. கையெழுத்துதான் இல்ல."

இவருடைய அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பணக்கணக்கை மட்டும் மாற்றவில்லை.

என் அலுவலகம் பாடாங் செராயில், ஒரு கடைவரிசையின் மாடியில். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள், மீதிப்பேர் அவர்களுடைய பிள்ளைகள். லோரி ஓட்டுகிறவர், கேட்டரிங் செய்கிறவர், கிரில் அடிக்கிறவர், பூக்கடைக்காரர். முதலீடு என்றதும் எல்லோரும் 1996இல் தொடங்கிய கூலிம் ஹை-டெக் பார்க்கைத்தான் காட்டுவார்கள். சிப் தொழிற்சாலைகள் வந்திருப்பது உண்மை. ஆனால் அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள் தங்க விடுதி வேண்டும், விடுதிக்கு ஒயரிங் வேண்டும், சாப்பாடு வேண்டும், வேன் வேண்டும். அந்த வட்டத்தில் காசைப் போட்டவர்களும் முதலீட்டாளர்கள்தாம். இவர்களுடைய முதல், மனைவியின் சங்கிலியாகவோ இ.பி.எஃப். என்ற ஓய்வுக்காலச் சேமிப்புப் பணமாகவோ இருக்கும்.

அண்ணன் எடுத்தது ஒரு தொழிலாளர் விடுதியின் ஒயரிங் வேலை. மேல் குத்தகையாளர் வெளியூர்க் கம்பெனி. முதல் இரண்டு கட்டப் பணம் ஒழுங்காக வந்தது. மூன்றாவது கட்டம் 38,000 ரிங்கிட். "அடுத்த வாரம்", "பேங்க்ல பிரச்சினை", "ஓனர் இன்னும் குடுக்கல". அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஒயர் கடைக்காரர் கடன் கேட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அண்ணன் ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம், போனார். கூட வேலை செய்த இரண்டு பையன்களை நிறுத்தினார். புது வேனுக்குக் கட்டியிருந்த முன்பணத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார். நீதி தாமதமானால் பொருளாதாரம் என்ன ஆகும் என்று கருத்தரங்குகளில் பேசுவார்கள். இதுதான் ஆகும்: ஒரு வேன் விற்காது, இரண்டு பையன்களுக்கு வேலை போகும்.

பணம் தராதவர் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தால் இன்னொன்று புரியும். நம் நீதிமன்றங்களில் தீர்ப்புத் தொகைக்கு வழக்கமாகக் கிடைக்கும் வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடு. உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரரே அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வாங்கலாம். ஆலோங் வட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படியானால் கைநீட்டி வேலை வாங்கிவிட்டுக் காசை இழுத்தடிப்பவருக்கு, அந்த ஊரிலேயே மலிவான கடன் யாரிடம் கிடைக்கிறது? நம் அண்ணனிடம். வழக்கு எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவுக்கு இழுத்தடிப்பவருக்கு லாபம். வேகமான நீதிமன்றம் அந்த லாபத்தில்தான் கை வைக்கிறது.

இந்த நாட்டுக்கு இது தெரியாமல் இல்லை. 2009இல் கோலாலம்பூரில் புதிய வணிக நீதிமன்றத்தைத் தொடங்கி, ஒன்பது மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். தேங்கிக் கிடந்த பழைய கோப்புகளை எண்ணி, பிரித்து, தூசி தட்டிய காலம் அது. வாய்தா கேட்டால் கிடைத்துவிடும் என்ற பழக்கத்தில் வளர்ந்த எங்களில் பலர் அப்போது முணுமுணுத்தோம். நானும்தான். உலக வங்கி 2020க்காக வெளியிட்ட தொழில் சூழல் அறிக்கையில், மலேசியாவில் ஓர் ஒப்பந்தத் தகராறு தொடங்கிப் பணம் கைக்கு வர 425 நாள் என்று போட்டிருந்தார்கள். தரவுக் குளறுபடி வெளிவந்ததால் அந்த அறிக்கை வரிசையையே 2021இல் நிறுத்திவிட்டார்கள். எண்ணை விடுங்கள், அவர்கள் கேட்ட கேள்வி சரியானது: கொடுத்த வாக்கை வசூலிக்க எத்தனை நாள்? பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்திலேயே நடுவர் தீர்ப்பு என்று ஒரு பிரிவை எழுதித் தங்களுக்கென்று தனிக் கதவு வைத்துக்கொள்கின்றன. அண்ணனுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான் கதவு. 1,00,000 ரிங்கிட் வரையிலான வழக்குகள் அங்கேதான் போகும்.

அவருக்கு இன்னொரு கதவும் இருந்திருக்க வேண்டும். கட்டுமானத் துறையில் பணம் தராமல் இழுப்பதற்கென்றே 2012இல் ஒரு சட்டம் இயற்றி, 2014 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் 'சிபா' என்போம். வாதங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு 45 வேலை நாளுக்குள் நடுவர் முடிவு சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் பணம் தந்தால்தான் உனக்குத் தருவேன் என்ற சாக்கு அங்கே எடுபடாது. ஒயரிங் வேலைக்கும் அது பொருந்தும். ஆனால் எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்துக்குத்தான். அண்ணனுடைய ஒப்பந்தம் ஒரு கோப்பி கடையில், இரண்டு தே தாரேக்கு நடுவில் முடிந்தது. "நமக்குள்ள என்ன பேப்பரு" என்று அந்த மேல் குத்தகையாளர் தோளில் தட்டினாராம்.

காகிதத்தின் பலம் தோட்டத்து மக்களுக்குப் புதிதில்லை. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய பணம்) கட்டிப் பங்கு வாங்கினார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எங்கள் கெடாவில்தான், புக்கிட் சீடிம். பால்மரம் வெட்டுகிறவர் கையில் பங்குப் பத்திரம். அது சட்டப்படி பதிவான சங்கம், கணக்குக் கேட்க வழி உண்டு.

அதே பத்து வெள்ளியைச் சீட்டில் போட்டவர்களும் உண்டு, இன்றும் உண்டு. 1971இல் வந்த கூட்டு நிதித் தடைச் சட்டம் 'கூட்டு', 'சீட்டு' என்ற நம் சொற்களையே உள்ளே எழுதி வைத்துத் தடை செய்கிறது. சீட்டு எடுத்தவர் ஓடிவிட்டார் என்று என்னிடம் வந்து அழுத அக்காமார்களுக்கு நான் சொல்ல முடிந்தது மிகக் குறைவு. சட்டம் தடுத்த ஏற்பாட்டில் போட்ட காசை, அதே சட்டத்தின் வாசலில் நின்று கேட்பது கடினம். போலீஸ் புகார் கொடுக்கலாம். காசு வருமா என்றால், எனக்குத் தெரிந்து வந்ததில்லை. உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் வாங்கிய கடனும் இப்படித்தான், அவரால் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. அதனால்தான் அவர் நீதிமன்றத்துக்கு வராமல் மிரட்டலாக வாசலில் ஊற்றச் சிவப்புச் சாயத்தோடு வீட்டுக்கு வருகிறார்.

தாமதம் மட்டுமே கேடு என்று நினைத்துவிடக் கூடாது. தவறான தீர்ப்பும் முதலீட்டைக் குலைக்கும். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு தாய்லாந்துப் பெண்மணியின் நிலத்தை, அவர் பெயரில் ஆள்மாறாட்டம் செய்த ஒருத்தி விற்றுவிட்டாள். 2000 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், வாங்கியவர் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியதால் நிலம் அவருக்கே என்றது. நம் நிலப் பதிவு முறையின் உயிரே பட்டாவில் பெயர் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்பதுதான். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒன்பது ஆண்டு தூக்கம் போனது. நிலப் பத்திரத்தோடு வருகிறவர்களிடம், ஆண்டுக்கு இரண்டு முறையாவது நில அலுவலகத்தில் தேடல் போட்டு உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று தலைமுறை லயத்தில் இருந்துவிட்டு முதல்முறையாக ஒரு துண்டு நிலம் வாங்கியவரிடம் இதை எப்படிச் சொல்வது? 2010 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அந்தத் தீர்ப்பு தவறு என்று திருத்தினார்கள். மோசடிக்காரரிடமிருந்து நேராக வாங்கியவருக்குப் பாதுகாப்பு இல்லை. அந்த வழக்கில் நிலத்தை அடமானம் பிடித்திருந்தது ஒரு வங்கி, அதன் உரிமையும் செல்லாமல் போனது. தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் நீதிமன்றத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது, ஒன்பது ஆண்டு ரொம்ப அதிகம் என்றாலும்.

சின்னத் தொகைகளுக்கு வழக்கறிஞரே தேவையில்லை என்று நானே சொல்வது என் பிழைப்புக்கு ஆகாதுதான். 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டதை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் நீங்களே தாக்கல் செய்யலாம். வாங்கிய பொருளிலோ சேவையிலோ ஏமாந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டு. ஏழாவது ஆண்டில் கோப்போடு வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் முகம் மறக்காது.

சரி, அண்ணன் விஷயம். வழக்குப் போட்டோம். கம்பெனி வரவில்லை, எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பு கிடைத்தது. அன்று அவர் எனக்கு லட்டு வாங்கி வந்தார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை, ஏனென்றால் வசூல் இனிமேல்தான். கடனாளியின் வங்கிக் கணக்கை நேராகப் பிடிக்கும் கார்னிஷி ஆணை வாங்கினோம். கணக்கில் இருந்தது 11,000 ரிங்கிட் சொச்சம். மீதியைத் தேடிப் போனால் அலுவலகம் காலி. அதே ஆட்கள் வேறு பெயரில் வேறு கம்பெனி நடத்துவதாகக் கேள்வி. தீர்ப்பு வாங்கித் தருவதில் நம் நீதித்துறை எவ்வளவோ முன்னேறிவிட்டது, வாங்கிய தீர்ப்பைக் காசாக்குவதில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

அண்ணன் இப்போது வேலை எடுக்குமுன் ஒரு தாள் நீட்டுகிறார். என்ன வேலை, எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், தாமதமானால் என்ன வட்டி, இரண்டு பக்கமும் கையெழுத்து. மலாயில் நான் எழுதிக் கொடுத்தது, ஒரே பக்கம். "என்னா தம்பி, நம்பிக்கை இல்லையா" என்று கேட்டு இரண்டு பேர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மூன்றாவது ஆள் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைப் படமெடுத்து அண்ணன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். கையெழுத்து இருந்தது, ஐ.சி. (அடையாள அட்டை) எண் இருந்தது, தொகை இருந்தது.

உடனே போன் போட்டேன். "அண்ணே, தேதி எங்க?"