புற்றுக் காளானை வீட்டில் வளர்த்தேன் என்பவரிடம் விதைப் புட்டியைக் கேளுங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், 'புற்றுக் காளானை மொட்டைமாடியில் வளர்க்கலாம்' என்ற காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். செய்முறை பெரும்பாலும் ஒன்றுதான். புற்றுமண் ஒரு சட்டி, நறுக்கிய வைக்கோல் ஒரு கூடை, காளான் கழுவிய தண்ணீர் ஒரு செம்பு. மேலே வெல்லக் கரைசலையோ பழைய கஞ்சியையோ தெளித்து ஈரச் சாக்கால் மூடிவிட வேண்டும். பத்தாம் நாள் சாக்கை விலக்கினால் குடைகுடையாகக் காளான். காட்டுகிற காளான் பொய்யில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் வில்லங்கம்.

புற்றுக் காளானைப் பயிர் செய்வது கறையான். டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இந்தப் பூஞ்சையை, நம்மூர்ப் புற்றுகளைக் கட்டும் ஓடோன்டோடெர்மிஸ் கறையான்கள் நிலத்தடி அறைகளில் வளர்க்கின்றன. சருகையும் மரத்தையும் தின்று இட்ட எச்சத்தை, துளைகள் நிறைந்த, கையில் எடுத்தால் உதிர்கிற கூடாக அடுக்குகின்றன. பூஞ்சை அதில் படர்ந்து குண்டூசித் தலை அளவு வெள்ளை முத்துகளை உண்டாக்கும். கறையானுக்கு அதுதான் சாப்பாடு. வேற்றுப் பூஞ்சை தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வதும் கறையான்தான். கூட்டை மட்டும் பெயர்த்து ஈரமாக ஒரு டப்பாவில் வைத்துப் பாருங்கள். சில நாளில் சைலேரியா என்ற வேறொரு பூஞ்சை குச்சி குச்சியாகக் கிளம்பிவிடும். புற்றுமண்ணைத் தொட்டியில் கொட்டுவதால் கறையான் குடியிருப்பு வந்துவிடாது.

ஆய்வகத்தில் உருளைக்கிழங்குச் சாறு சேர்த்த அகார் என்ற கூழில் இந்தப் பூஞ்சையின் இழையை வளர்க்கலாம், மிக மெதுவாக. ஆனால் இழை படர்வது வேறு, குடை விரிவது வேறு. கறையான் இல்லாமல் அறுவடைக்கு நம்பி இறங்கக்கூடிய முறை எதுவும் இன்று பண்ணையாளர் கையில் இல்லை. 'சீனாவில் பண்ணையில் விளைந்த கருந்தோல் புற்றுக் காளான் விற்கிறதே' என்பார்கள். அது ஊடெமன்சியெல்லா என்ற வேறு பேரினம். மட்கும் பொருளில் தானே வளரும். தண்டு வேர்போல் நீண்டிருப்பதால் சந்தையில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் சாக்குக்கு அடியில் முளைத்தது என்ன? அள்ளிய மண்ணில் கூட்டின் துணுக்குகள் இருந்தால், சிறு டெர்மிட்டோமைசிஸ் வகை ஒருமுறை முளைக்கக்கூடும். கறையான்கள் வெளியே கொண்டுவந்து போட்ட கூட்டுத் துகளிலிருந்து நூற்றுக்கணக்கில் பொடிப்பொடியாக வரும் வகை அது. துகள் தீர்ந்ததும் கதை முடிந்தது. மற்றபடி பெரும்பாலும் வருவது வைக்கோலோடு வந்ததுதான். அரைகுறையாக வெந்து, ஈரம் அதிகமான வைக்கோலில் மைக்காளான் சட்டென்று கிளம்பும். ஒரே நாளில் கறுத்து மையாக ஒழுகும். கஞ்சியும் வெல்லமும் பச்சைப் பூசணத்துக்குக் கல்யாண விருந்து. காளான் இழை படருமுன் அது முந்திக்கொள்ளும்.

காட்டுக் காளானைப் பயிராக்கவே முடியாது என்பதல்ல. பால் காளான் 1974-இல் மேற்கு வங்கத்திலிருந்து விவரிக்கப்பட்டது. 1998-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே.-2 ரகமாக வெளியிட்டது. மட்கும் பொருளைத் தின்று தனித்து வாழும் வகை என்பதால் அது சாத்தியமானது. அதற்கும் குறுக்கு வழி கிடையாது. தொப்பியும் தண்டும் சேருமிடத்தின் உட்சதையில் அரிசி அளவு எடுத்து அகாரில் தூய வளர்ப்பு, அதாவது வேறு கிருமி கலக்காத இழை, எடுக்க வேண்டும். கழுவிய தண்ணீரில் காளானின் வித்துகளை விடப் பாக்டீரியாதான் அதிகம். பிறகு அரைவேக்காடாக வேகவைத்து உலர்த்திய சோளம் கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, பாலிபுரொப்பிலீன் பையில் முக்கால் பங்கு நிரப்பி, பஞ்சடைத்து, 20 பவுண்டு அழுத்தத்தில் 2 மணி நேரம் வேகவைத்து, ஆறியதும் தூய வளர்ப்பை இட வேண்டும். இழை படர்ந்த இந்தத் தானியம்தான் காளான் விதை. தானியத்தில் உறங்கும் பாக்டீரியா வித்துகள் சாதாரணக் கொதியில் சாகாது. பையில் புளித்த வாடையும் கொழகொழப்பும் வந்தால் இந்தக் கட்டத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். விதையை இட்டுப் படுக்கை போடும் வைக்கோலோ 5 செ.மீ. துண்டுகளாக ஊறி, ஒரு மணி நேரம் வெந்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு உலர வேண்டும். பால் காளானுக்கு இழை படர்ந்தபின், ஆவியில் வேகவைத்த மண்ணை 2 செ.மீ. மேல்பூச்சாகப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் படுக்கை வெள்ளையாகவே கிடக்கும், மொட்டு வராது.

எனவே 'வளர்த்தேன்' என்பவரிடம் விதைப் புட்டியையும் அதற்கு மூலமான தாய் வளர்ப்பையும் கேளுங்கள். அதே விதையில் இரண்டாம் தலைமுறைப் படுக்கை போட்டாரா என்றும் கேளுங்கள். நீங்களே சோதிப்பதானால் ஒரே வைக்கோலில் இரண்டு பை கட்டுங்கள், ஒன்றில் மட்டும் அவர் சொன்ன மண்ணைப் போடுங்கள். இரண்டிலும் ஒரே காளான் வந்தால் அது வைக்கோலின் சொத்து.

ஏமாற்றத்தை விட எங்களுக்குக் கவலை தருவது தட்டில் விழுவது. எரு போட்ட தொட்டியிலும் புல்தரையிலும் மழைக்காலத்தில் பெரிய வெள்ளைக் குடையாக, பழுப்புச் செதிளோடு குளோரோஃபில்லம் என்ற நச்சுக் காளான் முளைக்கும். இளசாக இருக்கையில் அதன் அடிமடிப்புகளும் வெள்ளைதான். முற்றினால்தான் பச்சை ஏறும். தின்ற 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தி, பேதி. ஒரு தொப்பியை மடிப்பு கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, டம்ளரால் மூடி இரவு முழுக்க விடுங்கள். பச்சைத் தூள் படிந்தால் குப்பைக்குப் போகட்டும். அந்தத் தூள்தான் காளானின் வித்து. புற்றுக் காளானின் வித்து இளஞ்சிவப்பு. ஆனால் இளஞ்சிவப்பு வித்துள்ள வேறு காளான்களும் உண்டு, ஆகவே இது விலக்குவதற்கான சோதனை மட்டுமே. எறும்பு தின்கிறது, பூண்டு கறுக்கவில்லை என்ற சோதனைகளுக்கு மதிப்பே இல்லை.

சாப்பிட்டு 6 மணி நேரம் கடந்தபின் வாந்தி தொடங்கினால் இன்னும் மோசம். கல்லீரலைத் தாக்கும் வகையாக இருக்கலாம். நடுவே ஒருநாள் தெளிந்ததுபோல் தெரியும், அதை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. மிச்சக் காளானைத் தண்டின் அடிவரை தோண்டி எடுத்துக் காகிதத்தில் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாலித்தீன் பையில் அழுகிப்போகும், பிறகு அடையாளம் காண முடியாது.