வாசலைத் தாண்டினால் என்ன ஆகிறது? திரைக்கதையில் இடம் செய்யும் வேலை

'உள் – காபி ஷாப் – பகல்.' திரைக்கதையில் இரண்டு பேர் பேச வேண்டும் என்றதும் காட்சித் தலைப்பாகக் கை தானாக இதைத்தான் எழுதும். நானும் எழுதியிருக்கிறேன். அடுத்த சீன் கார், அதற்கடுத்தது மொட்டை மாடி. பேச்சு என்னவோ ஒன்றுதான். இடம் மாறிக்கொண்டே இருப்பதால் படம் நகர்கிற மாதிரி நமக்கு ஒரு திருப்தி. பார்ப்பவரின் மூளை போடும் கணக்கு வேறு.

நம் அனுபவம் இடைவிடாமல் ஓடினாலும், மூளை அதைத் துண்டு போட்டுத்தான் சேமிக்கிறது. எங்கே இருக்கிறோம், யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று ஒரு சித்திரத்தை வைத்துக்கொண்டு அதை வைத்தே அடுத்ததை ஊகிக்கும். அந்தச் சித்திரம் செல்லாமல் போனால் பழையதை ஓரம் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். இடம் மாறுவது அப்படி ஒரு தருணம்.

அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ராட்வான்ஸ்கி குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு மேசையிலிருந்து பொருளை எடுத்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். நடக்கும் தூரம் ஒன்றேதான். ஆனால் நடுவில் ஒரு வாசலைத் தாண்டியவர்கள், கையில் இருந்தது என்ன என்பதில் அதிகம் தடுமாறினார்கள். முதல் அறைக்கே திரும்பி வந்தாலும் நினைவு தேறவில்லை. 2021இல் ஆஸ்திரேலியாவில் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, சும்மா வாசலைத் தாண்டியவர்களுக்குப் பெரிதாக எதுவும் ஆகவில்லை. கூடவே எண்ணும் வேலையையும் கொடுத்து மனதை நிரப்பிய பிறகுதான் தடுமாற்றம் தெரிந்தது. மனதில் பாரம் இருந்தால்தான் வாசல் வேலை செய்கிறது போலும்.

படம் பார்ப்பவரின் மனதில் எப்போதும் பாரம்தான். யார் பொய் சொன்னது, சாவி யாரிடம் என்று அவர் சுமந்துகொண்டே வருகிறார்.

1957இல் சிட்னி லூமெட் இயக்கிய '12 ஆங்ரி மென்' படத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில், சில நிமிடங்கள் போக மற்றதெல்லாம், ஒரு கொலை வழக்கில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டிய பொதுமக்களான ஜூரிகள் அமரும் ஓர் அறையிலும் அதை ஒட்டிய கழிவறையிலும்தான். கத்தி, கிழவரின் நடை, ரயில் சத்தம் என்று எத்தனையோ வாதங்களை நாம் நினைவில் வைத்தாக வேண்டும். அறை மாறாததும் அதற்கு உதவுகிறது என்பது என் ஊகம். ஆனால் அந்த அறை சும்மா இருக்கவில்லை. புழுக்கம் ஆட்களைச் சிடுசிடுக்க வைக்கிறது. மின்விசிறி ஓடாது. வெளியே மழை பிடித்து, இருட்டி, விளக்கைப் போட்டதும் அதுவும் சேர்ந்து சுழல்கிறது! அப்புறம் கேமரா. முதலில் கண்மட்டத்துக்கு மேலே இருந்து, போகப் போகக் கீழே இறங்கி, கடைசியில் கூரை தெரிய ஆரம்பிக்கிறது. லென்ஸும் கூடவே மாறுவதால் சுவர்கள் நெருங்கி வந்த உணர்வு. முடிவில் கதவு திறந்து, மழை விட்ட தெருவை அகன்ற லென்ஸில் காட்டும்போது நமக்கே மூச்சு வருகிறது. ஒரே ஒரு பெரிய வாசல், அதையும் கடைசிவரை சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் இடமே மாறக் கூடாதா? அதுவும் இல்லை. ஒரு செயல் விட்டுப்போகாமல் தொடர்ந்தால், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வெட்டில் இடம் மாறினாலும் பார்ப்பவர் அதை ஒரே நிகழ்வாகத்தான் எடுத்துக்கொள்கிறார். துரத்தல் காட்சியில் பத்துத் தெரு மாறினாலும் நாம் தொலைந்துபோவதில்லை. சிக்கல், பேச்சை நிறுத்தி இடத்தை மாற்றி மறுபடி அதே பேச்சைத் தொடங்கும்போதுதான். பார்ப்பவர் எதையாவது இறக்கி வைக்க வேண்டும் என்றால் மட்டும் அங்கே இடத்தை மாற்றலாம்.

என் காபி ஷாப், கார், மொட்டை மாடி மூன்றையும் மாடியிலேயே எழுதிப் பார்த்தேன். கொடியில் துணி காய்கிறது, வானம் கறுக்கிறது, கீழ்வீட்டம்மா எந்த நிமிடமும் துணி எடுக்க மேலே வரலாம். இப்போது இருவரும் குரலைத் தாழ்த்தியாக வேண்டும். வசனம் பாதியாகக் குறைந்துவிட்டது.